சுங்கை சிப்புட்டில் வாங்கிய பழைய அகலத்திரை: டெல் 2407

மகளின் படிப்புக்காக, சுங்கை சிப்புட்டில் பழைய கணினிப் பொருள்கள் விற்கும் கடையொன்றில் 24 அங்குல மானிட்டர் ஒன்றை 90 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். மாடல் எதுவென்று கடைக்காரருக்கும் தெரியாததால், பின்பக்க ஒட்டுவில்லையில் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்துப் பார்த்தபோதுதான் டெல் 2407டபிள்யூஎஃப்பி என்ற எழுத்துகள் தெரிந்தன.

இதன் அகல உயர விகிதம் 16:10. திரைப் புள்ளிகள் (பிக்சல்கள்) அகலத்தில் 1920, உயரத்தில் 1200. இப்போது பரவலாக விற்கும் 1080 வரிசைத் திரைகளைவிட உயரத்தில் 120 வரிசைகள் கூடுதலாக இருப்பதால், கட்டுரை எழுதும்போது பக்கத்தின் கீழ்ப்பகுதியும் கண்ணுக்குத் தெரிகிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கணினியோடு இணைக்க எச்டிஎம்ஐ துளை கிடையாது. டிவிஐ என்ற டிஜிட்டல் இணைப்புக் கேபிளில் எழுத்துகள் கூர்மையாகத் தெரிகின்றன. அதைவிடப் பழைய விஜிஏ கேபிளில் சற்றே மங்குகின்றன.

திரைக்குப் பின்னால் ஒளி தருவது எல்இடி அல்ல, மெல்லிய ஒளிர்குழாய்கள். அவை வயதாக ஆக மங்கி மஞ்சளாகும். ஆகவே வாங்குவோர் கடையிலேயே வெள்ளைப் பக்கமொன்றைத் திறந்து, பத்து நிமிடம் பொறுத்து, நான்கு மூலைகளையும் பார்க்க வேண்டும். எனக்குக் கிடைத்ததில் இடது கீழ்மூலை மட்டும் லேசாக மஞ்சளித்திருக்கிறது. மகளுக்கு அது இடைஞ்சலாக இல்லை.