புயல் நிவாரணம் வாங்கித் தர்றேன்னு 1,850 டாலரை அடிச்சிட்டானுங்க, கடை வச்சிருக்கவங்க உஷாரா இருங்க

ஹூஸ்டன் பக்கம் பெரில் புயல்ல அடிபட்ட சின்ன வியாபாரிங்க எல்லாரும் இத முழுசா படிங்க, வயிறு எரிஞ்சு எழுதுறேன். 2024 ஜூலை 8 அடிச்ச காத்துல என் பிரிண்டிங் கடை கூரை பிச்சுக்கிட்டு தண்ணி உள்ள எறங்கி மெஷின், ஸ்டாக் எல்லாம் நாசம், அதுக்கு மேல கரன்ட்டும் நாள்கணக்கா இல்ல. இன்சூரன்ஸ்ல டிடக்டிபிள் (நம்ம கைல இருந்து போட வேண்டிய பங்கு) கழிச்சு வந்தது மெஷினுக்கே பத்தல.

அந்த நேரத்துலதான் ஒரு கன்சல்டன்சி விளம்பரம் கண்ணுல பட்டுச்சு, அரசு நிவாரணம் எடுத்துத் தர்ற கம்பெனியாம். பேர போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும்னு பயமுறுத்துறாங்க, அதனால போடல. ஃபோன் எடுத்தவன் நல்ல தமிழ்ல, "அண்ணா, மொதல்ல வீட்ல எல்லாரும் சேஃபா இருக்காங்களா?"ன்னு கேட்டான். கடை போனதுல இருந்து வாடகை எப்ப, ஆர்டர் எப்பன்னுதான் எல்லாரும் கேட்டாங்க, இவன் ஒருத்தன்தான் வீட்டப் பத்திக் கேட்டான். என் மனைவியும் ஸ்பீக்கர்ல கேட்டுட்டு, தம்பி பொறுமையா பேசுறார், நம்பலாம்னு சொன்னா. ஃபெமால (அமெரிக்க அரசோட பேரிடர் உதவி அமைப்பு) இருந்து 50,000 டாலர் கிராண்ட், திருப்பிக் கட்டவே வேணாம், கவர்மென்ட் ப்ராசசிங் ஃபீ 1,850 மட்டும், அப்ரூவ் ஆகலன்னா முழுசா ரீஃபண்ட்னு கழுகு முத்திரை போட்ட ஃபார்ம் எல்லாம் அனுப்பினான். அன்னிக்கே 1,850 டாலர் ஜெல் (Zelle) வழியா, பேங்க்ல இருந்து நேரா அனுப்புற முறைல, போச்சு. கூடவே டாக்ஸ் ரிட்டர்ன், சோஷியல் செக்யூரிட்டி நம்பர்.

அப்புறம் ஆரம்பிச்சுது. ஃபைல் ரிவ்யூல இருக்கு. வாஷிங்டன்ல பேக்லாக். கேஸ் மேனேஜர் மாறிட்டார், டாகுமென்ட் எல்லாம் திரும்ப அனுப்புங்க. இன்னும் 600 கட்டினா பிரயாரிட்டில போட்டுடலாம். அண்ணான்னு கூப்பிட்டவன் சார்னு ஆரம்பிச்சான், அப்புறம் வாய்ஸ்மெயில்தான். பணத்தத் திருப்பிக் குடுங்கன்னா ஒரு பொண்ணு லைன்ல வந்து, அது சர்வீஸ் சார்ஜ், அக்ரிமென்ட்ட படிங்கன்னு வச்சுட்டா. பேங்க்ல கேட்டா நீங்களே அனுப்பின பணம், நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. புயல் எடுத்தது போக மிச்சம் இருந்த 1,850 டாலர்ங்க அது, கடைப் பையனுக்கு சம்பளம் குடுக்க வச்சிருந்தது!

கடைசில எஸ்.பி.ஏ. (சின்ன வியாபாரங்களுக்கான அரசு அமைப்பு) சென்டருக்கு நேர்ல போனேன். அங்க இருந்த அம்மா பத்தே நிமிஷத்துல வெளங்க வச்சுட்டாங்க. ஃபெமா வியாபாரத்துக்கு கிராண்டே குடுக்கிறது இல்ல, கடைக்குன்னா எஸ்.பி.ஏ. கிட்டதான் அனுப்புவாங்க, எஸ்.பி.ஏ. குடுக்கிறதும் கடன்தான், திருப்பிக் கட்டணும். அப்ளை பண்ண ஒரு சென்ட் கெடையாது, ஃபார்ம் நிரப்பவும் அங்கேயே ஃப்ரீயா உக்காந்து உதவி பண்றாங்க. கட்டடம், மெஷின், ஸ்டாக் சேதத்துக்கு ஒரு கடன், வருமானம் நின்னு போனதுக்கு வாடகை சம்பளம் சமாளிக்க இன்னொரு கடன். வெளில கடன் கெடைக்காதவங்களுக்கு வட்டி 4 சதவீதத்துக்கு மேல போகாது. இவ்வளவு தெளிவா இருக்கிற ஒரு விஷயத்தை இல்லாத கிராண்ட்டா காட்டி காசு புடுங்கியிருக்கானுங்க.

விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், கை நடுங்குது, சுருக்கமா சொல்றேன். நிவாரணத்துக்கு முன்பணம் கேட்டா உடனே ஃபோன வைங்க. எஸ்.பி.ஏ. மெயில்னா முகவரி sba.gov-ன்னு முடியுதான்னு பாருங்க. சோஷியல் செக்யூரிட்டி நம்பர் குடுத்துட்டீங்கன்னா, நம்ம கடன் விவரம் வச்சிருக்கிற எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூணு கம்பெனிலயும் கிரெடிட் ஃப்ரீஸ் (உங்க பேர்ல வேற யாரும் புதுக் கடன் எடுக்காம தடுக்கிறது) போடுங்க, அது ஃப்ரீ. ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்ல பேரிடர் மோசடிக்குன்னே ஒரு பிரிவு இருக்கு, கத்ரினா புயலுக்கு அப்புறம் 2005-ல ஆரம்பிச்சது, அங்க புகார் குடுத்திருக்கேன். சேதத்துக்கான கடனுக்கு அப்ளை பண்ண டைம் பொதுவா 60 நாள்தான், இவனுங்க இழுத்த இழுப்புல எனக்கு அதுல பெரும்பகுதி போயிடுச்சு, புயல்ல அடிபட்டா நீங்க உடனே போங்க. இதே மாதிரி 1,850 கட்டினவங்க வேற யாராவது இருந்தா எனக்குச் சொல்லுங்க, சேர்ந்து புகார் குடுப்போம்.