பாசிக்கு ஃபெரஸ் சல்பேட்: சாமான் நல்லம், பேக்கிங் மோசம்

நுவரெலியாவுல வாசல்ல புல்லு வளர்க்குறவங்களுக்கு தெரியும், புல்லை விட பாசிதான் ஜோரா வரும். மழை, பனிமூட்டம், போதாததுக்கு பக்கத்துல ஒரு சைப்ரஸ் மரம் நின்னா வெயிலும் விழாது. எங்க கெஸ்ட் ஹவுஸ் முன்னுக்கும் இதே நிலைமைதான், ஏப்ரல் சீசனுக்கு முன்னுக்கு சரி பண்ணனும்னு டவுன்ல ஒரு உரக்கடையில ஃபெரஸ் சல்பேட் வாங்குனோம் (நாட்டு மருந்து கடையில அன்னபேதின்னு குடுக்குறதும் இதுதான்).

வேலை செய்யுதான்னு கேட்டா, நல்லாவே செய்யுது. சதுர மீட்டருக்கு 4 கிராம் கணக்குல தண்ணியில கரைச்சு பூவாளியால ஊத்துனோம், கொஞ்ச நாள்ல பாசி கன்னங்கரேல்னு ஆயிருச்சு, புல்லு மட்டும் இரும்புச்சத்து கிடைச்சு கரும்பச்சையா நின்னுச்சு. கறுத்ததை நல்லா வாரி எடுத்துறனும், அப்படியே விட்டா அசிங்கமா கிடக்கும்.

பேக்கிங்குக்குதான் மார்க் இல்ல. பெரிய மூட்டையை உடைச்சு சும்மா பொலித்தீன் பேக்குல போட்டு, மேல மார்க்கரால 1 கிலோன்னு எழுதி குடுக்குறாங்க, அவ்வளவுதான். என்ன சாமான், எவ்வளவு போடனும், கிளவுஸ் போடனுமா, ஒண்ணும் இல்ல. இது சிமெந்துல, டைல்ஸ்ல பட்டா துருக்கறை, லேசுல போகாது. வாசல் படியில சிந்துனா உடனே கூட்டி எடுங்க, ஈரம் பட்டாதான் கறை பிடிக்கும். சின்னப் புள்ளைங்க வாயில போட்டா ரொம்ப ஆபத்து, அதனால தயவுசெஞ்சு சோடா போத்தல்ல கரைச்சு வைக்காதீங்க, லயத்துலயும் சரி பங்களாவுலயும் சரி இந்த பழக்கம் இன்னும் இருக்கு. ஊத்தின இடம் காயுற வரைக்கும் புள்ளைங்களையும் நாயையும் உள்ள விடாதீங்க. மழை வர்ற மாதிரி இருந்தா அன்னைக்கு தொடவே வேணாம், கழுவிக்கிட்டு கான் வழியா போய் யாரோ தண்ணி பிடிக்கிற பீலியிலதான் சேரும்.

இன்னொண்ணு, கடையில நின்ன தம்பி "அண்ணே, இதோட யூரியாவும் டொலமைட்டும் கலந்து ஒரே தடவையா வீசுங்க, வேலை லேசு"ன்னாரு. கேட்றாதீங்க! டொலமைட்டுன்னா மண்ணு புளிப்பை குறைக்கிற சுண்ணாம்புக்கல் தூள், அதோட சேர்ந்தா இரும்பு வேலை செய்யாம போயிரும், யூரியாவோட சத்தும் அமோனியாவா காத்துல போயிரும். ஒண்ணுக்கும் மத்ததுக்கும் சில வாரம் இடைவெளி விடனும். யூரியாவுல 46 வீதம் நைட்ரஜன், கைப்பிடி கணக்குல அள்ளி வீசுனா பாசிக்கு முன்னுக்கு புல்லு கருகிரும். 2021ல உரம் இல்லாம அலைஞ்ச ஆளுங்களுக்கு இப்ப கிடைக்குதுன்ன உடனே அள்ளிப் போடத்தான் தோணுது, என்னத்த சொல்ல.

பாசி திரும்பி வரும், அதுக்கு சாமானை குறை சொல்ல ஏலாது. நம்ம மண்ணு தேயிலை மண்ணு, புளிப்பு கூட, அதுக்கு மேல சனம் மிதிச்சு மிதிச்சு இறுகிப் போய் தண்ணி இறங்காம நிக்குது. தோட்ட முள்ளால (ஃபோர்க்) மண்ணை குத்தி விட்டு, மரக்கொப்பை கொஞ்சம் கழிச்சு, புல்லை ஒட்ட வெட்டாம விட்டா தான் தாக்குப் பிடிக்கும். டொலமைட் போடுறதுன்னாலும் மண்ணை டெஸ்ட் பண்ணிட்டு போடுங்க.

5க்கு 3 ஸ்டார். திரும்ப வாங்குவேன், ஆனா லேபல் ஒட்டி சீல் வச்ச பேக்கா இருந்தா மட்டும், அதுவும் மே மாச மழை பிடிக்க முன்னுக்கு.