முதல் பாடத்துக்குத் தனியாள் டிங்கியா, இருவர் டிங்கியா?

சிறிய பாய்மரப் படகான டிங்கியை ஓட்டக் கற்க வரும் பெரியவர்கள் முதலில் முடிவு செய்யவேண்டியது, ஒரே பாயுள்ள படகில் தனியாக ஏறுவதா, பெரிய பாயோடு ஜிப் எனப்படும் முன்பாயும் உள்ள படகில் இன்னொருவரோடு ஏறுவதா என்பதைத்தான். இரண்டிலும் பழகியவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் சில மணி நேரத்தை இருவர் படகில், பயிற்றுநரின் பக்கத்தில் கழிப்பது நல்லது. ஆனால் காற்றின் போக்கு கைக்குப் பிடிபட வேண்டுமானால், அதன்பின் தாமதிக்காமல் தனியாள் படகுக்கு மாறிவிட வேண்டும்.

தனியாள் படகுகளில் உலகெங்கும் காணப்படுபவை இரண்டு. கிளார்க் மில்ஸ் 1947-இல் வடிவமைத்த ஆப்டிமிஸ்ட் 2.36 மீட்டர் நீளமும் சுமார் 35 கிலோ எடையும் கொண்டது. அது சிறுவர்களுக்கானது என்பதால் இந்த ஒப்பீட்டில் அதற்கு அதிக இடமில்லை. பெரியவர்களுக்கு உரியது புரூஸ் கிர்பி வடிவமைத்த லேசர், அதாவது இன்று ஐஎல்சிஏ என்று அழைக்கப்படும் படகு. இருவர் படகுகளில், இயன் பிராக்டர் 1957-இல் வடிவமைத்த வேஃபேரர் 4.82 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 168 கிலோ எடையும் கொண்டு, அகன்ற அடிப்பாகத்தால் எளிதில் அசையாமல் மிதக்கும். 420 என்ற படகும் இருவருக்கானதே என்றாலும், அது எடை குறைந்தது, சட்டென்று ஆடக்கூடியது. முதல் நாளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடிப்படைப் பாடம் இரண்டு வகைக்கும் ஒன்றுதான். காற்று வரும் திசைக்கு இருபுறமும் சுமார் 45 பாகைக்குள் எந்தப் பாய்மரப் படகும் முன்னேறாது என்பதால், அந்தத் திசையில் உள்ள இடத்துக்குப் போக இடமும் வலமும் மாறிமாறிச் சாய்ந்து செல்ல வேண்டும். பாயின் முன்விளிம்பு படபடக்கத் தொடங்கும் வரை கயிற்றை விட்டு, படபடப்பு அடங்கும் அளவுக்கு மட்டும் இழுத்துப் பிடிப்பதே சரியான நிலை. ஐஎல்சிஏயில் சுக்கான் பிடி ஒரு கையிலும் பாய்க்கயிறு மறு கையிலும் இருக்க, உடலின் எடையே படகை நிமிர்த்தி வைக்கிறது. ஒரு வீச்சுக் காற்று வந்து படகு சாயும்போது, கயிற்றை ஒரு சாண் விட்டதும் அது நிமிர்வதை உட்கார்ந்திருக்கும் தொடையே உணர்ந்துவிடும். இருவர் படகில் சாய்ந்ததற்குக் காரணம் நம் கையா, முன்னால் ஜிப்பைப் பிடித்திருப்பவர் கையா என்பது தொடக்கநிலையில் தெரிவதில்லை. தவறு யாருடையது என்று தெரியாதபோது திருத்தமும் தாமதமாகவே வருகிறது.

இருவர் படகு தெளிவாக முந்தும் இடம், காற்றுக்கு நேர் எதிரே சிக்கி நின்றுவிடும் தருணம். திரும்பும்போது வேகம் போதாமல் படகு நின்றுவிட்டால், ஜிப்பை இடப்பக்கமாக இழுத்துப் பிடித்தால் போதும். காற்று அதில் மோதி மூக்கை வலப்பக்கம் தள்ளிவிடும். ஜிப் இல்லாத படகில் இதற்கு வேறு வழி வேண்டும். சுக்கான் பிடியையும், பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் பூம் கட்டையையும் நம்மை விட்டு ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டு காத்திருந்தால், படகு மெல்லப் பின்னோக்கி நகர்ந்து மூக்கைத் திருப்பும். காற்று நம் முதுகுப்புறத்திலிருந்து வரத் தொடங்கியதும் இரண்டையும் நம் பக்கம் இழுக்க வேண்டும். பின்னோக்கி நகரும்போது சுக்கான் தலைகீழாக வேலை செய்யும் என்பது முதன்முதலாக அங்கேதான் எனக்குப் புரிந்தது. ஜிப்பின் உதவியோடு மட்டுமே பழகியிருந்தால் அதை நான் கற்றிருக்கவே மாட்டேன் என்று உறுதியாக நம்புகிறேன்.

கவிழ்வதில் கணக்கு மாறுகிறது. ஐஎல்சிஏ அடிக்கடி கவிழும்; ஆனால் படகின் அடியில் நீருக்குள் நீண்டிருக்கும் நடுப்பலகையின் மேல் ஏறி நின்று உடலைப் பின்னுக்குச் சாய்த்தால் ஒருவரே நிமிர்த்திவிடலாம், உட்காரும் பள்ளத்தில் தேங்கிய நீரும் படகு ஓடத் தொடங்கியதும் அடித்துளை வழியே வடிந்துவிடும். வேஃபேரர் எளிதில் கவிழாது என்றாலும், கவிழ்ந்தால் எடை குறைந்த ஒருவரால் அதை நிமிர்த்துவது மிகக் கடினம். ஒருவர் நடுப்பலகையில் நிற்க, மற்றவர் படகின் உட்புறத்தில் நீரில் ஒட்டி மிதந்தால், படகு நிமிரும்போது அவரை உள்ளே அள்ளிக்கொள்ளும். அவருடைய எடையால் அது மறுபடி உடனே கவிழாமலும் இருக்கும். தனியாள் படகு அடிக்கடி கவிழும், கைகொடுக்க இன்னொருவரும் இருக்கமாட்டார் என்பதால், மீட்புப் படகு அருகில் இல்லாத நீர்நிலையில் தொடக்கநிலையாளர் தனியாள் படகை எடுக்கவே கூடாது. இதில் நான் எந்த விலக்கும் தரமாட்டேன். குளிர்ந்த நீர் என்றால் இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும், ஏனெனில் விரல்கள் விறைத்தபின் நடுப்பலகையைப் பற்றி ஏறவே முடியாது.

நீரைக் கண்டு அஞ்சுபவருக்கு இன்னொருவரின் குரல் பக்கத்தில் இருப்பது பெரிய துணை என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் எப்போதும் சுக்கானையும் மற்றவர் எப்போதும் ஜிப்பையும் பிடிக்கும் பழக்கம் வந்துவிட்டால், இருவரில் ஒருவர் படகோட்டக் கற்பதே இல்லை. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

தனியாள் படகுக்கு மாறும் நாளில் பாயின் அளவைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். ஐஎல்சிஏயின் ஒரே அடிப்பாகத்துக்கு ஏறத்தாழ 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர் என மூன்று பாய்கள் உண்டு. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் பெரிய பாயோடு தொடங்கினால் படகை நிமிர்த்துவதிலேயே நாள் கழிந்துவிடும். அவருக்கு நடுப்பாயே போதும், காற்று கூடினால் சிறிய பாய். 7 முதல் 10 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வரையிலான காற்று, அதாவது காற்றின் வலிமையைக் குறிக்கும் போஃபர்ட் அளவில் 3, கற்பதற்குப் போதுமானது. அதற்கு மேல் வீசினால் அன்று மட்டும் மீண்டும் இருவர் படகில் ஏறிக்கொள்ளுங்கள்.