தென்னங்கரு வளர்ப்பு: அகார் ஊடகமா, திரவ ஊடகமா?

தேங்காயிலிருந்து பிரித்தெடுத்த கருவைச் சோதனைக்குழாயில் முளைக்க வைப்பவர்கள், அகார் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்) இட்டு இறுக்கிய ஊடகத்துக்கும், அதாவது ஊட்டக் கலவைக்கும், திரவ ஊடகத்துக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. முளைப்புக் கட்டத்துக்கு நான் திரவத்தைத் தேர்ந்தெடுத்தேன். பிறருக்கும் அதையே பரிந்துரைக்கிறேன். அகாரில் கரு அசையாமல் நிற்கும், காற்றும் நன்றாகக் கிடைக்கும். திரவத்தில் அகார் செலவு மிச்சம். இவை அனைவரும் அறிந்தவை.

என் முடிவைத் தீர்மானித்தது, முளைக்கும் கரு தன்னைச் சுற்றியுள்ள ஊடகத்தையே மாற்றிவிடுகிறது என்பதுதான். தென்னைக்குப் பெரிதும் பயன்படும் ஒய்3 ஊடகத்தில் லிட்டருக்கு 535 மி.கி. அமோனியம் குளோரைடும் 2020 மி.கி. பொட்டாசியம் நைட்ரேட்டும் உள்ளன. திசு அமோனியத்தை உறிஞ்சும்போது ஹைட்ரஜன் அயனிகளை வெளிவிடுவதால், 5.8 அளவில் வைத்த பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு; குறைந்தால் அமிலம் மிகும்) 5-க்கும் கீழே இறங்கக்கூடும். நைட்ரேட்டை மிகுதியாக எடுக்கத் தொடங்கியதும் அது மீண்டும் ஏறும். திசுவின் இன்வர்டேஸ் நொதி சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளப்பதால் சவ்வூடு அழுத்தமும் மாறுகிறது. காயப்பட்ட திசுவிலிருந்து கசியும் ஃபீனால்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து ஊடகத்தைப் பழுப்பாக்குகின்றன.

அகாரில் இம்மாற்றங்கள் கருவின் அருகிலேயே தேங்குகின்றன. புரோமோகிரிசால் பர்ப்பிள் என்னும் நிறங்காட்டியையும் அமோனியத்தையும் சேர்த்த, கரி இடாத அகாரில் ஒரு நாற்றின் வேரைப் பதித்து வைத்தால், ஊதா நிறத்தின் நடுவே வேரையொட்டி மட்டும் மஞ்சள் பட்டை படர்வதைக் கண்ணாலேயே காணலாம். குழாயின் மற்றப் பகுதி மாறாமல் இருக்க, அமிலமான அந்த மெல்லிய வளையத்துக்குள்தான் வேர் வாழ்கிறது. அதைச் சரிசெய்ய நாற்றைப் பிடுங்கிப் புது அகாருக்கு மாற்ற வேண்டும். அப்போது இளவேர்கள் ஒடிகின்றன. திரவத்திலோ குழாயை மெல்ல அசைத்தாலே மாற்றம் எங்கும் பரவி நீர்த்துவிடும். சில துளிகளை எடுத்து பிஎச் அளவைப் பார்க்கலாம். நாற்றைத் தொடாமலே பழைய ஊடகத்தை உறிஞ்சியெடுத்துப் புதியதை ஊற்றலாம்.

ஃபீனால்களைப் பிடித்துவைக்க லிட்டருக்கு 2.5 கிராம் அளவில் செயலூட்டிய கரியைச் சேர்ப்பது வழக்கம். திரவத்தில் அது அடியில் படிந்துவிடுவதால், குழாய்களில் ஊற்றும்போது குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வேர்விடத் தூண்டும் தாவர ஹார்மோன்களான ஆக்சின்களையும் கரி உறிஞ்சும் என்பதை வேரூன்றும் கட்டத்தில் மறக்கலாகாது.

திரவத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். முழுதும் மூழ்கிய கருவுக்கு ஆக்சிஜன் குறையும். தளிர் கண்ணாடிபோல் நீர்கோத்து நிற்கும். எனவே கருவின் மேற்பகுதி வெளியே தெரியுமளவு குறைவாகவே ஊற்ற வேண்டும். அகாரில் ஓரிடத்தில் திட்டாகத் தெரியும் பாக்டீரியா, திரவத்தில் குழாய் முழுவதையும் கலக்கிவிடும். மிகச் சிறிய கருக்களைப் பொறுத்தவரை என் அனுபவம் குறைவு; அவை எளிதில் மூழ்கிவிடுமாதலால், அவற்றுக்கு அகாரிலிருந்தே தொடங்குவேன்.