அமெரிக்கப் பல்கலைக்கழக அட்மிஷன் போர்ட்டல்: ஊட்டியிலிருந்து ஒரு மதிப்பீடு

அரசறிவியல் பிஎச்டி முடிவுகள் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும். மெயிலில் 'ஸ்டேட்டஸ் மாறியிருக்கிறது' என்று மட்டும் இருக்கும், முடிவு போர்ட்டலுக்குள்ளே. ஸ்பேமையும் பாருங்கள். வாஷிங்டனில் மாலை 5 மணி என்றால் இங்கே அதிகாலை 3.30, மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் 2.30. உறைபனியில் அந்நேரம் கண்விழிக்கவே வேண்டாம். காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் போனால் பிராட்பேண்டும் போய்விடும், மொபைல் டேட்டா கையிருப்பில் இருக்கட்டும்.

பெரிய குறை, வெயிட்லிஸ்டில் எத்தனையாவது இடம் என்று போர்ட்டல் பெரும்பாலும் காட்டாது. நிதியுதவியோடு இடம் கிடைத்தவர்கள் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவதாகப் பல பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அவர்கள் விட்டுக்கொடுக்கும் இடங்கள் பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் நகரும். அதுவரை மௌனத்தை நிராகரிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதுகாப்பு ஆய்வு எம்ஏவில் நிதியுதவி இல்லாத இடங்களுக்கு முன்பணக் கெடு இன்னும் முன்னதாகவே வரலாம். கடிதத்தில் தேதியைப் பார்த்துவிடுங்கள்.