நான்கு வருடமாகக் குரல் பிரித்த அனுபவம்

வார இறுதியில் கல்யாண ரிசப்ஷன்களுக்கு டிஜே போடுகிறேன். வீடு பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில். பழைய தமிழ்ப் பாட்டின் குரலுக்கு அடியில் புது பீட் போட்டுவிட்டால் போதும், அல்சூர் பெரியப்பாக்கள்கூட மேடைக்கு முன்னால் வந்துவிடுவார்கள். அந்தக் குரலைப் பிரித்தெடுக்க நான்கு வருடமாக அல்டிமேட் வோக்கல் ரிமூவர் என்ற மென்பொருளை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு முன்பு பட்ட பாடு தனி. வெளிநாட்டு சிங்கிள் ரெக்கார்டுகளில் அகாபெல்லாவை, அதாவது இசையில்லாத வெறும் குரலை, தனி டிராக்காகவே போடுவதுண்டு. நம் சினிமாப் பாட்டுக்கு அந்த யோகம் ஏது? பாட்டோடு அதன் கரோக்கியைச் சேர்த்து, கரோக்கியின் அலையை மட்டும் தலைகீழாகப் புரட்டினால் இசை அழிந்து குரல் மிஞ்சும் என்பார்கள். உண்மைதான், ஆனால் இரண்டும் ஒரே ஒலிப்பதிவாக இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்த கரோக்கியெல்லாம் வேறு யாரோ புதிதாக வாசித்தவை. புரட்டிப் போட்டால் இரண்டு ஆர்கெஸ்ட்ரா சண்டை போடுவதுபோல் இருக்கும்.

2019 நவம்பரில், இணையத்தில் பாட்டு கேட்கும் சேவை நடத்தும் டீசர் (Deezer) நிறுவனம் குரலையும் இசையையும் பிரிக்கும் ஸ்ப்ளீட்டரை இலவசமாக வெளியிட்டதும் நிலைமை மாறியது. அதே வேலைக்கு ஃபேஸ்புக் ஆய்வாளர்களின் டெமக்ஸும் வந்தது. நான் வைத்திருக்கும் மென்பொருளில் டெமக்ஸ், எம்டிஎக்ஸ் நெட் என்று பிரிக்கும் ஏஐ மாடலை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். காசு கிடையாது. பழைய லேப்டாப்பில் ஒரு பாட்டுக்கு டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்ட் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிய பிறகு டீக்கு நேரமில்லை. நடுவில் ஒரு சந்தா தளத்திலும் சேர்ந்தேன். ரத்து செய்த பிறகும் இரண்டு மாதம் பணம் பிடித்தார்கள். அதோடு சரி.

புதுப் பாட்டுகளில் குரல் சுத்தமாக வருகிறது. பழசில்தான் வினை. குரலை ஒட்டியே வயலின் போனால் அதன் வாலும் கூடவே வரும். நாதஸ்வரம் இன்னும் மோசம், எந்த மாடலைப் போட்டாலும் பாதி குரல் பக்கம் ஒட்டிக்கொள்கிறது. ஒரு ரிசப்ஷனில் சவுண்ட் செட் அண்ணன் காதருகே வந்து, "தம்பி, பின்னாடி யாரோ அழுவுறாங்க பாரு" என்றார். ஹெட்போனில் தெரியாதது பெரிய ஸ்பீக்கரில் தெரிந்துவிடும். அப்புறம், 128 கேபிபிஎஸ்ஸுக்குச் சுருக்கித் தரம் குறைந்த எம்பி3யைக் கொடுத்துவிட்டு மென்பொருளைத் திட்டாதீர்கள். சிடியிலிருந்து எடுத்த வேவ் ஃபைலில் 'ச', 'ஸ' எவ்வளவு தெளிவாக வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

பிரித்த பிறகும் வேலை பாக்கி. அந்தக் காலத்தில், தாளம் தவறாமலிருக்கக் காதில் டிக் டிக் என்று ஒலிக்கும் கிளிக் டிராக் இல்லாமல் கூடி வாசித்தவர்கள். பல்லவியில் வேகம் 96 பிபிஎம் (நிமிடத்துக்கு 96 பீட்) என்றால் சரணத்தில் 99. குரலை வரி வரியாக இழுத்துப் பீட்டில் உட்கார வைக்க ஒரு ராத்திரி போய்விடும்.

குரல் கையில் வந்ததும் உரிமையும் வந்துவிட்டதாக நினைத்தேன். நெட்டில் ஏற்றிய முதல் ரீமிக்ஸை அன்றைக்கே ஊமையாக்கிவிட்டார்கள். ஒலிப்பதிவின் உரிமை வேறு, மெட்டு, வரிகளின் உரிமை வேறு. இரண்டுக்கும் அனுமதி வேண்டும்.

இப்போது வெளியிடும் டிராக்குக்கு அத்தை மகளைப் பாட வைக்கிறேன், பாட்டி சொல்லிக்கொடுத்த கும்மிப் பாட்டு. பீரோ கதவைத் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு நேரே மைக் வைத்தால் எதிரொலி அடங்கிவிடும். போன மாதம் நல்ல டேக் ஒன்றின் நடுவே பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் விழுந்தது. பிரித்துப் பார்த்தேன், விசிலும் குரலோடுதான் வந்தது. பீட்டில் சரியாக விழுந்திருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன்.