பறவை வலை: மயிலுக்குச் சரி, அணிலுக்குச் சிரிப்பு

ஆன்லைனில் வாங்கிய பச்சை நைலான் வலை, 10க்கு 20 அடி, விலை 500 ரூபாய்க்குள். கோவை தொண்டாமுத்தூர் பக்கம் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதை ஏன் வாங்கினேன் என்று சொல்லத் தேவையில்லை. பகலில் மயிலும் அணிலும், இரவில் கொய்யாவைத் தேடிவரும் பழந்தின்னி வௌவால். தக்காளி சிவக்கும்வரை மயில் எங்கே பொறுக்கிறது, மிளகாயைக்கூட விடுவதில்லை, கீரை நாற்று முளைத்தால் அன்றே காலி. தேசியப் பறவை, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது, அதனால் கல், விஷம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வராமல் தடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மயிலை இந்த வலை தடுக்கிறது. ஆனால் செடிமேல் அப்படியே போர்த்தினால் மேலே நின்றுகொண்டே கண்ணி வழியாகக் கொத்தும். பிவிசி குழாயிலோ மூங்கிலிலோ சட்டம் கட்டி, செடிக்கு மேல் ஓரடியாவது இடைவெளி விட்டு, விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு மூடியே வைத்திருக்கலாம், பூ தானாகவே காய் பிடிக்கும். பூசணி, சுரை, பீர்க்கனுக்கு ஆண்பூ வேறு பெண்பூ வேறு. தேனீயும் அந்துப்பூச்சியும் தாராளமாக வந்துபோக வேண்டும். பூசணி விடிகாலையிலும் சுரையும் பீர்க்கனும் மாலையிலும் பூக்கும், அந்த நேரத்தில் வலையைத் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் கையாலேயே மகரந்தம் தடவ வேண்டியதுதான்.

அணில் விஷயத்தில் காசு தண்டம். கண்ணி பெரிதாக இருந்தால் நுழைகிறது, சிறிதாக இருந்தால் கடித்து ஓட்டை போடுகிறது. அணிலுக்குத் துத்தநாகம் பூசிய அரை அங்குலக் கம்பி வலைதான். கொய்யா, மாதுளைக்கு மரம் முழுக்க வலை போர்த்துவதைவிடப் பிஞ்சிலேயே துணி மாதிரி இருக்கும் பழ உறையை மாட்டுவது மேல், பழ ஈயும் அண்டாது.

என் பெரிய குறை வேறு. தரையில் தளர்ந்து கிடக்கும் இந்த மாதிரி வலையில் சாரைப்பாம்பு தலையை விட்டால் செதில் மாட்டிப் பின்னால் வர முடியாது, வெயிலில் கிடந்து செத்துவிடும். எலியைத் தின்று தோட்டத்தைக் காப்பது அதுதான். அதனால் அடியில் ஒன்றரை அடிக்கு நிழல்வலைத் துண்டைக் கட்டிவிட்டு, நைலானைத் தரையில் படாமல் மேலேயே நிறுத்துங்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வீட்டுப் பழமர வலையின் கண்ணி 5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று 2021 முதல் சட்டமே இருக்கிறது. விரல் நுழைந்தால் அந்த வலை வேண்டாம் என்பது அங்கே கணக்கு. நம் ஊர் விற்பனைப் பக்கங்களில் கண்ணி அளவையே பாதிப் பேர் போடுவதில்லை!

அப்புறம் தரம். வெயில் தாங்கும் என்று பையில் அச்சடித்திருக்கிறார்கள், ஒரே கோடையில் மேல்பக்கம் நொறுங்க ஆரம்பித்துவிட்டது. ஓரமும் தைக்கப்படவில்லை, வெட்டினால் பிரிகிறது.

வலையோடு சேர்த்து வாங்கச் சொல்லி, மனிதக் காதுக்கு எட்டாத ஒலி எழுப்பும் ஒரு அல்ட்ராசோனிக் கருவியையும் விற்பனைத் தளம் காட்டும். வேண்டாம். அந்தச் சத்தம் பறவைகளுக்குக் கேட்கவே கேட்காது, மயில் அதன்மேலேயே உட்காரும்.

என் மதிப்பெண்: காய்கறிப் பாத்திக்கு 5க்கு 3, பழமரத்துக்கு 1.